மைக்குக்கு முன்னால் அப்பா

மூணாறில் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன துரை ஒருவர் விட்டுச்சென்ற ஸ்பூல் டேப் ரெக்கார்டரை, மாமா ஜீப்பில் ஏற்றி எங்கள் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு பேர் சேர்ந்துதான் அதை இறக்கினார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே பாடகர் குழுவைப் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. குழுவை நடத்தியவர் அப்பா. வாரமெல்லாம் தேயிலை ஃபாக்டரியில், இலை உருட்டும் இயந்திரங்களின் இரைச்சலில் நிற்பவர். ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டதும் வேறு மனிதராகிவிடுவார். அவர் முதல் அடியை எடுத்துக்கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதனாலேயே மாமா மைக்கை அவர் முன்னால் வைத்தார்.

பாடி முடித்ததும் நாடாவைப் பின்னால் ஓட்டிவிட்டு மாமா குமிழைத் திருப்பினார். முதலில் யாரோ இருமினார்கள், எல்லோரும் சிரித்தோம். பிறகு பாட்டு வந்தது. அத்தனை குரலுக்கும் மேலே ஓர் ஆண்குரல், அடிக்கு அடி சுருதியை விட்டுச் சரிந்துகொண்டே போனது.

அப்பா குனிந்து பெட்டியருகே காதை வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க, மச்சான். யாரு இது, சுருதி சேராமப் பாடுதது?"

குழுவில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். விடை தெரிந்த பிள்ளையின் உற்சாகத்தில் நான் சொன்னேன்.

"நீங்கதாம்ப்பா!"

"என்னம்மா?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கோபப்படவில்லை. "திரும்பப் போடுங்க" என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு பாட்டுப் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஞாயிறு அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அடியெடுத்துக் கொடுத்தாள். பாட்டு பிசிறில்லாமல் இருந்தது. தப்பைக் கண்டுபிடித்தவள் நான்தானே என்று எனக்குப் பெருமை. வீட்டில் யாரும் என்னைத் திட்டாததைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெரியவளான பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஃபாக்டரி இரைச்சல் அப்பாவின் காதைத் தின்றுகொண்டிருந்தது வெளியூரிலிருந்து வந்த மாமாவையும் என்னையும் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் குரல் தனித்துக் கேட்டுவிடாதபடி ஓங்கிப் பாடுங்கள் என்று அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த ஞாயிறுவரை இரண்டு வருஷமாக அத்தனை பேரும் தொண்டை கட்டப் பாடியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.