சாவியைத் திருப்பிக் கொடுத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக இன்று கம்பம் வீட்டில் கூடியிருக்கும் உங்கள் முன், உடன்பிறந்தவள் என்ற முறையில் இந்த நினைவு மலர் வழியாகச் சில நினைவுகளை வைக்கிறேன்.

அண்ணன் கூடலூரில் பிறந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த எங்கள் அப்பா, நாங்கள் அய்யா என்போம், ஒரு பங்குனி வெயிலில் கொடிக்கு மருந்தடிக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. "ஒரு வாய்க் கஞ்சி குடிக்க வச்சு அனுப்பியிருந்தா இருந்திருப்பாகளே" என்று அம்மா பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வண்டிக்குப் போனார். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் ஓட்டுநரானார். என்னைப் படிக்க வைத்து, சின்னமனூரில் மணம் முடித்து வைத்ததும் அவரே.

அவ்வப்போது அவருக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். மலைக்குளிர் என்று விட்டுவிடுவார். ஒருநாள் லோயர் கேம்பில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு எழுந்தவர் அப்படியே மயங்கி விழுந்தார். வண்டியில் வந்த பெண்களே அவரைத் தேனிக்குக் கொண்டு போனார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத் தசை தடித்திருக்கிறது, துடிப்பு தாறுமாறானால் உயிருக்கே ஆபத்து என்றார். "இது பரம்பரையா வர்றது. உங்க வீட்டுல யாரும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காகளா?" என்றும் கேட்டார்.

வீடு திரும்பிய அண்ணன் அம்மாவின் அருகில் உட்கார்ந்தார். "அய்யாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாகம்மா. நீ கஞ்சி குடுத்திருந்தாலும் நடந்திருக்கும்."

"நெசமாவாப்பா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. பிறகு அந்தக் கஞ்சிப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாளே அண்ணன் ஜீப் முதலாளியிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்டத்துப் பெண்கள் வீடு தேடி வந்தார்கள். "மாத்திரையில சரியாப் போகும்ணே. நீங்க ஓட்டுனாத்தான் எங்களுக்குத் தைரியம்."

"டீக்கடையில விழுந்தேன், பொழச்சோம். மலை வளைவுல ஓட்டும்போது விழுந்திருந்தா உங்க பிள்ளைகளுக்கு யாரு தாயி பதில் சொல்றது?"

அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் சிறிதாகச் சொந்தக் கடை வைத்தார்.

அடுத்து என்னையும் தம்பியையும் எக்கோ எடுக்க அழைத்துப் போனார். தம்பிக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. புகுந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் நடுங்கினேன். அண்ணன் கூடவே வந்து என் கணவரிடம் பேசினார்.

"மாப்ள, மறைக்க மனசு வரல. இவளுக்கும் இருக்கு. மூச்சு வாங்குற வேலை கூடாது, மாத்திரைய நிறுத்தக் கூடாது."

"சொன்னீகளே மச்சான், அது போதும். அடுத்த தடவ நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் என் கணவர். இன்றுவரை அவரே அழைத்துப் போகிறார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்ணன் அந்த இதயத்தோடு வாழ்ந்தார். திருவிழாவில் சப்பரம் தூக்க மாட்டார். முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கிவிடுவார். மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்கும்போது யாராவது பார்த்தால், செல்போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நிற்பார். கடைசி ஆண்டில் இதயம் தளர்ந்து கால்கள் வீங்கின. மதுரையில் சிகிச்சை முடித்து வந்த சில நாட்களில், அண்ணி கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மியா இருக்கே" என்றார். அண்ணி சீனி எடுத்து வருவதற்குள் அமைதியாகக் கண்மூடிவிட்டார்.

அவரைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், அன்று அவரைத் தூக்கி வந்த தோட்டத்துப் பெண்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் இருந்தவரை சோதனையில் ஒன்றும் தெரியாத அவர் மகனுக்குச் சென்ற மாதம் மறுபடி எக்கோ எடுத்தோம். இப்போது தசை சற்றுத் தடித்திருக்கிறது, மருந்து தொடங்கியிருக்கிறார்கள். இதை மலரில் எழுதலாமா என்று தயங்கி அவனிடமே கேட்டேன்.

"எழுதுங்கத்த. படிச்சுட்டு நாலு பேரு போய்ப் பாத்துக்கிரட்டும்" என்றான்.