எல்லையில் நடந்தவர்

நூம்பல் கிராமத்தில் ஆசீர்வாதத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்த்திருக்க முடியாது. இடி இடித்தால் மனைவி ராஜம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். நாயைக் கண்டால் வழியை மாற்றிக்கொள்வார். இத்தனைக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் மதுரைவீரன். பூந்தமல்லிப் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றியபோது, "நல்லதாப் போச்சி, வீரன்ற பேரு தப்பிச்சிது" என்று ராஜம்மாவே சிரித்தாள்.

அவர் ஊர் வெட்டியான். மடை திறப்பது, களம் காப்பது எல்லாம் பரம்பரை வேலை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகும் வேலை மாறவில்லை. செய்யும் விதம்தான் மாறியது. பதரோடு நெல்லைக் கலந்து வீட்டுக்குக் கொண்டுவருவதை விட்டார். பெரிய வீட்டு வயலுக்குத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் திருப்புவதையும் விட்டார். ஒவ்வொன்றையும் நடுங்கிக்கொண்டேதான் விட்டார்.

வெள்ளைக்காரன் காலம் அது. ஓர் ஐப்பசி வெள்ளத்தில், மிராசுதார் கோதண்டத்தின் வயலுக்கும் விதவை கன்னியம்மாளின் வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பும் எல்லைக்கல்லும் அடித்துக்கொண்டு போய்விட்டன. எல்லை தொலைந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியான் தலை முழுகி, ஈரத்துணியோடு, தண்ணீர்ப் பானையைத் தலையில் சுமந்து பழைய எல்லையில் நடக்க வேண்டும். அவன் கால் பட்ட இடமே எல்லை. பொய்யாக நடந்தால் எல்லைத் தெய்வம் எல்லம்மா ரத்தம் கக்க வைப்பாள் என்பது நம்பிக்கை. அதனால் எந்த வெட்டியானும் பொய்யாக நடந்ததில்லை.

கோதண்டம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"டேய், நாளைக்கு அந்தப் பனைமரத்தை ஒட்டியே நட."

பனைமரம் கன்னியம்மாளின் வயலுக்கு நட்டநடுவில் நின்றது. ஆசீர்வாதம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆண்டே... எல்லம்மா..."

"எல்லம்மா உன்னை இன்னாடா செய்வா? நீதான் வேதத்துல பூந்துட்டியே! உன் சாமி யாரையும் கொல்லாதாமே. ஆனா ஊருக்கு நீ இன்னும் வெட்டியான்தான், நீ நடந்தா நம்புவாங்க. உன்னைவுட்டா இதுக்குத் தோதான ஆளு கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாத்தி நடந்தியோ, உன் குடிசை என் மண்ணுலதான் கீது. ஞாபகம் வெச்சிக்கோ."

வீட்டுக்கு வந்தவருக்குக் கூழ் இறங்கவில்லை. ராஜம்மாவிடம் சொன்னார். அவள் கூழ்ச்சட்டியை மூடி வைத்தாள்.

"எனக்கும் பயமாத்தான் கீது. நீ எப்படி நடந்தாலும் பானையை நான்தான் தூக்கிவுடுவேன்" என்றாள்.

காலையில் ஊரே வயல்கரையில் கூடியது. ராஜம்மா பானையைத் தூக்கி வைத்தாள். கால் நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர் தளும்பி முகமெல்லாம் வழிந்தது. எல்லம்மா வந்துவிட்டாள் என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வந்தது வெறும் பயம்தான். "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகிக்கொண்டே ஆசீர்வாதம் நடந்தார். பனைமரம் இடதுகைப் பக்கம் வெகுதூரத்தில் நின்றது. அதன் பக்கம் திரும்பினால் பிழைத்துக்கொள்ளலாம். திரும்பவில்லை. சிறுவயதிலிருந்து மிதித்த வரப்பின் தடத்திலேயே போய், வாய்க்காலோரம் பானையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மாள் ஓவென்று அழுதாள்.

கூட்டம் கலைந்ததும் கோதண்டம் அவர்மேல் குனிந்தார்.

"உன் சாமிதான் யாரையும் கொல்லாதாமேடா! அப்புறம் இன்னாடா பயம் உனக்கு?"

ஆசீர்வாதத்தின் பற்கள் தந்தியடித்தன. "கொல்லாது ஆண்டே. மன்னிச்சிடும். அதான் பயமா கீது."

அன்று பொழுது சாய்வதற்குள் கோதண்டத்தின் ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். சட்டிபானையைச் சுமந்துகொண்டு இருவரும் நசரத்பேட்டைக்கு நடந்தார்கள். வழியில் ஒரு நாய் குரைத்தது. ஆசீர்வாதம் சட்டென்று ராஜம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.