சாவுக்கு மார்க் போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

ரப்பர் முதலை ஒன்று ஒரு வெள்ளைக்காரனை இடுப்பு வரை விழுங்கிவிட்டு, மீதி ஆள் வசனம் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நானும் என் அத்தையும் பார்த்திருக்கிறோம். அந்த ஆளுக்கு அத்தை பத்துக்கு எட்டு மார்க் கொடுத்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. லோடு ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து மாமா இறந்தபின், திருச்சுழிப் பக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு பாளையம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. அவள் ஏன் வந்தாள் என்பதைவிட, வந்துவிட்டாளே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிறு மதியம் கேபிளில் தமிழ் பேசும் ராட்சத மிருகப் படம் ஒன்று கட்டாயம் ஓடும். பாம்பு, பல்லி, எறும்பு, ஒரு தடவை நத்தை. எல்லாம் பஸ் அளவில் இருக்கும். கறிச்சோற்று மயக்கத்தில் அப்பாவும் அம்மாவும் உள்ளே தூங்கிவிடுவார்கள். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. சிமெண்டுத் தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, சாகிறவர்களுக்கு நாங்கள் மார்க் போடுவோம்.

அத்தை கண்டிப்பான வாத்தியார். மிருகம் வருமுன்பே அலறினால் இரண்டு மார்க் போச்சு. ஓடுவதற்கு ஒரு காடே இருக்கும்போது வேண்டுமென்றே தடுக்கி விழுந்தால் பாதி போச்சு. ரத்தம் தக்காளிச் சாறாகத் தெரிந்தால் மட்டும் குறைக்கமாட்டாள். "பாவம், அவுக வசதி அம்புட்டுத்தான்" என்று விட்டுவிடுவாள். நத்தைக்குப் பலியானவனுக்குச் சைபர். "அது வந்து சேர்றதுக்குள்ள டவுனுக்கே பஸ்ஸு பிடிச்சுப் போயிருக்கலாமே மருமகளே!" என்று சொல்லி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் படங்கள் எல்லாம் இப்போது என் போனிலேயே கிடைக்கின்றன. போட்டுப் பார்க்கிறேன், கூட மார்க் போட ஆளில்லாமல் பாதியில் அணைத்துவிடுகிறேன். அத்தை ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அந்த மதியங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மாமா இறந்து ஒரு வருஷம் ஆகி, தலைத் திவசம் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலும் திவச வீட்டிலும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். யார் எப்படி அழுதாள் என்பது, திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே பேசி முடிவாகிவிடும். மாமா இறந்த அன்று அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். கல்நெஞ்சக்காரி என்று மாமாவின் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

சனிக்கிழமை அம்மா அவளிடம் கெஞ்சினாள். "இந்தத் தடவையாச்சும் நாலு பேரு பாக்க அழுதுருத்தா. இல்லைன்னா அந்த வீட்டு வாசப்படிய மறுபடி மிதிக்க விடமாட்டாக."

"அழுகை வரலையே மதினி" என்றாள் அத்தை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தைக்குப் பரீட்சை வருகிறது, அத்தை தயாராகவில்லை. மறுநாள் மதியம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றேன். சடையை அவிழ்த்துப் போட்டேன். தலையணையை மாமாவாகக் கிடத்தி, பல்லிப் படத்துக் கதாநாயகி போல நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்னை விட்டுப் போகாதீர்கள் அன்பே!" என்று டப்பிங் குரலில் கத்தி அதன்மேல் விழுந்தேன்.

அத்தை சிரித்தாள். வாயைப் பொத்தாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க, நீங்க ஒரு தடவை செய்யுங்க" என்று தலையணையை அவள் மடியில் வைத்தேன். வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

"லோடு இறக்கிட்டு வாரேன்னுதானே சொன்னீக" என்று தலையணைக்குள் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். டிவியில் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தலையணை உறை நனைந்து போகும்வரை அழுதாள்.

நான் கைதட்டினேன். "ஒம்பது மார்க் அத்தை!" என்றேன். முகம் தெரியாததால் ஒன்று குறைத்திருந்தேன்.

திவசத்தன்று எனக்குப் பள்ளிக்கூடம். மற்றவர்கள் திருச்சுழி பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள். அம்மா செருப்பைக் கழற்றும்போதே அப்பாவிடம் பொருமினாள். "அம்புட்டுப் பேரும் கட்டிப்பிடிச்சு அழுகுறாக, இவ மரம் மாதிரி நிக்கிறா. இனி அந்த ஊருப் பக்கம் தலைகாட்ட முடியுமா?"

அத்தை கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். வீட்டில் அவ்வளவு நன்றாகச் செய்தவள் அங்கே ஏன் செய்து காட்டவில்லை என்று எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம்.