ஏழுமலை அண்ணன் ஒட்டிய கார்ப்பெட்

சங்கராபுரத்தில் ஒரு வீட்டு ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டிருந்தபோது ஏழுமலை அண்ணனின் மகன் போனில் கூப்பிட்டான். "அப்பா போயிட்டாருங்க" என்றான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசமே கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். நான் திரைச்சீலை, அவர் கார்ப்பெட். கூட்டுக்கடைதான், ஆனால் சண்டை ஓயாது.

வியாபாரம் செய்யத் தெரியாத மனுஷன். புதுக் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர், கால் புதைகிற மாதிரி சிவப்புக் கார்ப்பெட் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. இவரோ குட்டை இழையை நெருக்கிப் பின்னிய ஒரு துண்டை எடுத்து மடக்கிக் காட்டினார். மடக்கினாலும் அடித்துணி தெரியாத அளவுக்கு இழை நெருக்கம். "மெத்தை வேணும்னா கட்டில்ல போட்டுக்குங்க. ஊரே நடக்கற எடத்துல இதாங்க நிக்கும்" என்றார். ஆரத்தித் தண்ணீரும் சாம்பாரும் கொட்டத்தான் செய்யும். பல நிறம் கலந்ததாக, சதுரம் சதுரமாகப் போட்டால் கெட்டதை மட்டும் மாற்றலாம் என்றும் சொன்னார். வந்தவர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். நான் கொஞ்ச நாள் அண்ணனோடு பேசவில்லை. அடுத்த வைகாசிக்குள் அவர் அங்கே வாங்கிப் போட்ட சிவப்புக் கார்ப்பெட், வாசலோரம் வழுக்கை விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அண்ணன் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார்.

அவர் மனைவி சரோஜா அண்ணி வீட்டு டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிய பிறகும் பயம் போகவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்று அழுவார். அண்ணன் கூடத்திலிருந்து சமையலறை வரை குட்டை இழைக் கார்ப்பெட்டை, கால் விரல் தடுக்காதபடி ஓரம்வரை பசை போட்டு ஒட்டினார். இந்தப் புழுதிக்கும் வெயிலுக்கும் வீட்டில் எவன் கார்ப்பெட் போடுவான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் அண்ணியின் பின்னாலேயே நடந்தார். ஒருநாள் அண்ணி தானே டீ போட்டு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிணம் வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவ வேண்டும், அது நம் வழக்கம். சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் கார்ப்பெட்டைக் கத்தியால் கீறிப் பிய்த்துத் தெருவில் போட்டிருந்தார்கள். கத்திவிட்டேன். "சாவு வூட்டக் கழுவாம எப்பிடிங்க வுடறது?" என்று அழுதார் அண்ணனின் அக்கா. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தம்பிக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

காரியம் முடிந்ததும், புதிதாக ஒட்டித் தருகிறேன் என்று போனேன். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்றான் மகன். அங்கே வாடகை வீடு, தரையில் பசை போட விடமாட்டார்களாம். அண்ணி கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"அங்க இன்னா தரை, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

நான் மகனைப் பார்த்தேன். "டைல்ஸ்தாங்க" என்றான்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பது அண்ணனின் பழக்கம். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். பார்த்து என்ன செய்ய? சென்னைக்குக் கிளம்பிய அன்று நானும் மகனும் அண்ணியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் உட்கார வைத்தோம். அவர் கால் தரையில் படவே இல்லை.