நைனா படுத்துக்கொண்டு போக ஒரு வண்டி

ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. நைனா வலியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வண்டியா இருந்தா பின்னாடி கால நீட்டிப் படுத்துக்கினே வந்திருப்பேன்" என்றார். டயாலிசிஸ் முடிந்து பொன்னேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஊசியைவிட இந்த ஆட்டோதான் பயம். வீடு வருவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது எங்கள் அம்பாசிடர். நைனா வாடகைக்கு ஓட்டிய வண்டி. அவர் நோயில் விழுந்ததிலிருந்து அதுவும் ஓடவில்லை. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படித்தவள். எஞ்சினைக் கையால் பிரித்ததைவிடக் காகிதத்தில் வரைந்ததுதான் அதிகம்.

மூன்று சவுக்குக் கம்புகளை வலைக்கயிற்றால் கட்டி நிறுத்தினேன். எஞ்சினைத் தூக்கும் செயினைப் பக்கத்து வீட்டு மாமா கொடுத்தார். படகு மோட்டாருக்காக அவர் வைத்திருப்பது.

"இன்னா பொண்ணே, கார வச்சி நண்டு புடிக்கப் போறியா?"

"மாட்டினா மொத நண்டு உனக்குத்தான் மாமா."

"நண்டு இருக்கட்டும். எஞ்சின் கால்ல வுழாம பாத்துக்க."

இங்கே உப்புக்காற்றில் இன்று துடைத்து வைத்த இரும்பு நாளைக்குத் துரு. அதனால் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கிய பிஸ்டன் ரிங்குகளைப் பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். படியால் அரிசி அள்ளிய அம்மா கத்தினாள்.

"இன்னாடி இது! உலையில இரும்பப் போட வச்சிடுவ போலகீதே!"

"போடு, போடு" என்றார் நைனா கட்டிலிலிருந்து. "டாக்டரு மீனு வேணாம்னாரு, உப்பு வேணாம்னாரு. இரும்பு வேணாம்னு சொல்லல."

அன்று மூவரும் சிரித்தோம்.

எஞ்சினின் தலையைக் கழற்றிய அன்று, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. மூன்றாவது சிலிண்டர் ஓரத்தில் இரும்பையே அது அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. அந்தத் தூளை நைனாவிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பொண்ணப் பிரசவத்துக்கு இட்டுக்கினு போறச்சே ரோட்டுல வண்டி கொதிச்சிப்போச்சு. ஏரியோட உப்புத் தண்ணிய மொண்டு ஊத்திட்டேன். அந்தப் பொண்ணு அலறிக்கினு கீது, நான் நல்ல தண்ணி தேடிக்கினா நிப்பேன்?"

"அப்புறமா கழுவி உட்டிருக்கலாமே நைனா?"

"கழுவலாம்னுதான் இருந்தேன். அந்த வாரமே கால் வீங்கிப் படுத்துட்டேன்."

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கையே வேறு வாங்க வழியில்லை. பள்ளத்தை உலோகப் பசையால் அடைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்தி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உறுமியபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி முறை. நைனா இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். தலையணையோடு பின் சீட்டில் படுத்தார். நான் ஓட்டினேன்.

"சத்தம் நல்லா கீதும்மா" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தார், முகத்தில் வலி இல்லை.

காட்டூர் வருவதற்குள் வெள்ளைப் புகை கிளம்பியது. பசை பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. வண்டி அதற்கு மேல் நகரவில்லை. அவரை ரோட்டோரத்திலேயே ஆட்டோவுக்கு மாற்றினேன். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகு சொன்னார்.

"இனிமே நான் வர்ல. தொந்தரவு பண்ணாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தண்ணீர் வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். அதற்கடுத்த முறை போகவில்லை. இப்போது முகம் ஊதியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அம்மா அவர் காலைப் பிடித்து அழுதும் பார்த்துவிட்டாள்.

எளாவூரில் ஒரு காயலான் கடையில் இதே மாதிரி வண்டியின் பிளாக் ஒன்று இருக்கிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், அரிப்பு இல்லை. அதற்கு ஈடாக என் ஸ்கூட்டியைக் கேட்கிறார் கடைக்காரர். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ஆனால் அதைப் பூட்டி ஓட்ட எனக்கு நாள் வேண்டும். அந்த நாள் அவர் உடம்பில் இல்லை.

அதனால் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன். இன்னும் கொஞ்ச நாள் மட்டும் ஆட்டோவில் வா நைனா என்று கேட்கப்போகிறேன்.