கினிப்பன்றி தொடாத இடம்

மலை நகரமான ஹுவாங்காயோவின் சந்தையில் பழச்சாறு விற்கும் ஹெர்மெலிந்தாவுக்கு வலது அக்குளில் ஒரு கட்டி. மொச்சைக்கொட்டை அளவு, கல் மாதிரி. அழுத்தினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததால் அது நோயே இல்லை என்று சந்தை தீர்ப்பளித்தது. எங்கள் சந்தையில் வைத்தியம் தெரியாதவர்கள் அபூர்வம். உருளைக்கிழங்குக்காரி கொழுப்பு என்றாள். கறிக்கடைக்காரர் சூடு என்றார். ஹெர்மெலிந்தா இரண்டையும் நம்பினாள், ஆரஞ்சு பிழிவதற்கு நடுவே அக்குளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் அம்மா மார்பில் கட்டி வந்து செத்தவள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் அம்மாவுக்கு நோய் வந்தது என்பது மகளின் கணக்கு. அதுவரை நன்றாகத்தானே இருந்தாள்!

நாத்தனார் தெல்ஃபினா அவளைப் பிரிமித்திவாவிடம் இழுத்துப்போனாள். கறுப்புக் கினிப்பன்றியை உயிரோடு பிடித்து நோயாளியின் உடம்பெல்லாம் தேய்ப்பது பிரிமித்திவாவின் தொழில். பிராணி நோயை வாங்கிக்கொண்டு செத்துவிடும். வயிற்றைக் கிழித்தால் எங்கே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். ஸ்கேனைவிட இதில் ஒரு வசதி, வரிசையில் நிற்க வேண்டாம்.

தலை, கழுத்து, முதுகு என்று கீச்சிட்டுக்கொண்டே பயணம் செய்த பிராணி அக்குளை நெருங்கியது. ஹெர்மெலிந்தா கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். தூக்கச் சொன்னதற்குக் குளிர்கிறது என்றாள்.

கிழித்துப் பார்த்த பிரிமித்திவா, உள்ளே எல்லாம் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னாள். தெல்ஃபினா அழுதாள், அண்ணியைக் கட்டிக்கொண்டாள், சந்தை முழுக்கச் செய்தி பரப்பினாள். அன்று வியாபாரம்கூட அமோகம்.

சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஏமாற்றியது ஒரு கினிப்பன்றியை. செத்துப்போனதை எழுப்பி, இன்னொரு தரம் பார் என்று கெஞ்ச முடியுமா? கட்டியோ பக்கத்தில் இன்னொன்றைத் துணைக்குக் கூட்டிக்கொண்டது.

ஒரு நாள் பப்பாளி நறுக்கும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அந்த இடத்துல அது படவே இல்லடி. நான்தான் கைய இறுக்கிக்கிட்டேன்."

தெல்ஃபினா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி?"

"இருக்குன்னு சொல்லிட்டா?"

"சொல்லலைன்னா இல்லாமப் போயிடுமா?"

தெல்ஃபினா கடையைச் சாத்தினாள்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா எப்போதிருந்து என்று கேட்டாள். மழைக்காலக் கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாலிருந்து என்றாள் ஹெர்மெலிந்தா. வெளியே தெருவில் சந்தியாகோ திருவிழாவின் கொம்பு ஊதிக்கொண்டிருந்தது. மழைக்காலம் போய்ப் பனிக்காலமே வந்துவிட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

"வலிச்சாத்தான் வரணும்னு யாரும்மா சொன்னது? கல்லு மாதிரி, நகராம, வளர்ந்துக்கிட்டே இருந்தா அப்பவே வந்திருக்கணும். என்னன்னு பாத்தாத்தான் தெரியும். கையத் தூக்குங்க."

அறையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஹெர்மெலிந்தா குளிர்கிறது என்றாள்.

தெல்ஃபினா பின்னால் வந்து நின்று, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள்.