குதிரை ஓட்டிய கை

ஒரு பக்கம் செத்துப்போய் மறுபக்கம் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒரு குதிரையின் குளம்புச் சத்தம், டக்கடி டக்கடி என்று, வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இன்றைக்கும் எனக்குத் திடீரென்று கேட்கும். சின்ன வயதுச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வருமாம். எனக்கு முகம் சூடாகிவிடும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆவதற்கு வெகு முன்பு, தியாகதுருகம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளிப் பெரியப்பாவின் கழனியும் அதை ஒட்டினாற்போல வீடும் இருந்தன. நாங்கள் டவுனில் குடியிருந்தோம். முழுப்பரீட்சை முடிந்த கையோடு என்னை ஒரு பையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டால், பள்ளிக்கூடம் திறக்கும்வரை அந்த வீட்டில்தான் கிடப்பேன். பெரியப்பாவுக்கு ஒரே மகன் குமரன் அண்ணன், காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. அவன் படிப்பதற்கென்று பெரியப்பா வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர், பெரியம்மாவின் பழைய புடவையில் தைத்த உறையைப் போர்த்திக்கொண்டு மணிலாக்கொட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதில் அவன் படித்து நான் பார்த்ததில்லை.

கூடப் படிக்கிற பையனிடமிருந்து நகல் எடுத்து வந்த சி.டி.யில் இருந்தது அந்த விளையாட்டு. ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர், நாங்கள் "கோட்டை கேம்" என்போம். மலை, காடு, தங்கச் சுரங்கம், மூலைக்கு ஒரு கோட்டை. நம் பக்கம் ஒரு மந்திரவாதியும் ஈட்டிக்காரர்களும் ஒரு குதிரைக்காரனும், எதிர்ப்பக்கம் எலும்புக்கூடுகளும் நெருப்பு கக்கும் பாம்புகளும். தாயம் ஆடுவதுபோல ஒரு முறை நாம் நம் ஆட்களையெல்லாம் நகர்த்தினால் மறு முறை கம்ப்யூட்டர் நகர்த்தும். கண்ணுக்குத் தெரியாத தாயக்கட்டை ஒன்று உள்ளே உருண்டுகொண்டே இருக்கும்; ஒரே ஈட்டிக்காரன் ஒரு முறை பாம்பைச் சாய்ப்பான், இன்னொரு முறை தானே சாய்வான். அவசரமே கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். "த்ரீ ஃபேஸ்" கரண்ட் வந்துவிட்டால் மட்டும் போரை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணன் மோட்டார் போட ஓடுவான்.

அதிர்ஷ்டம் அடித்தால் அதற்கொரு அடையாளம் உண்டு. அடிக்கப்போகும் வீரனின் தலைக்கு மேல் நாலு இலை கொண்ட ஒரு பச்சைத் தழை மின்னும், "டிங்" என்று மணி ஒலிக்கும், அடி இரட்டிப்பாக விழும். வெள்ளைக்காரர்களுக்கு அது ஏதோ ராசியான செடி என்று அண்ணன் சொன்னான். எங்களுக்கோ அது நன்றாகத் தெரிந்த செடி, வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்கும் ஆரைக்கீரை. பெரியம்மா பறித்து வந்து பருப்பு போட்டுக் கடைவார். அந்தத் தழை தெரிந்தவுடன் "ஆரக்கீர வந்துச்சி, ஆரக்கீர வந்துச்சி" என்று நான் குதிப்பேன்.

பெரிய சண்டைக்கு முன்னால் அண்ணன் ஆட்டத்தை "சேவ்" செய்துகொள்வான். பாம்பை அடிப்பான், தோற்பான். சேவ் செய்த இடத்துக்கே திரும்பப் போய் அதே ஈட்டிக்காரனைக் கொண்டு அதே அடியை அடிப்பான், அச்சு மாறாமல் அதே மாதிரி தோற்பான். ஒரு நாள் வெறுத்துப்போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "இன்னாது இது, சும்மா சும்மா செத்துக்கினே கெடக்கறான்! நீ வந்து அமுக்கு பாப்பா, உன் கையாவது வேல செய்தான்னு பாப்போம்" என்றான். வீட்டில் எல்லோருக்கும் நான் பாப்பாதான். மவுஸைப் பிடித்தேன். எனக்கு அந்தக் குதிரைச் சத்தத்தின் மேல் கொள்ளை ஆசை, ஆகவே முதலில் குதிரைக்காரனை ஒரு கட்டம் நகர்த்தி டக்கடி டக்கடி கேட்டுக்கொண்டு, பிறகு ஈட்டிக்காரனை ஏவினேன். தலைக்கு மேல் ஆரைக்கீரை, டிங், பாம்பு காலி.

அதற்குப் பிறகு தோற்கிற சண்டைக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டான். நானும் ஒவ்வொரு முறையும் முதலில் குதிரையை நகர்த்தினேன், சத்தத்துக்காக. பெரும்பாலும் ஜெயித்தது. தோற்றால் அண்ணன், "கை வேர்த்துடுச்சி, பாவாடையில தொடச்சிக்க" என்று சொல்லி மறுபடி சேவ் செய்த இடத்துக்குப் போய்விடுவான், நான் குதிரையை இன்னொரு கட்டம் சேர்த்து ஓட்டிவிட்டு அடிப்பேன், அந்தத் தோல்வி யாருக்கும் நினைவில் தங்காது.

"கைராசி" என்ற சொல்லை முதலில் சொன்னது பெரியம்மா. பிறகு அது கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வீடு முழுக்க நடமாட ஆரம்பித்தது. மாவு நன்றாகப் பொங்கவேண்டும் என்று கரைக்கும்போது என் கையை விடச் சொன்னார்கள். மாடு சினை நிற்கவேண்டும் என்று அதன் முதுகைத் தடவச் சொன்னார்கள், நின்றுவிட்டது. அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. வலது கையால் பாத்திரம் துலக்கமாட்டேன், ராசி போய்விடும் என்று சொல்ல, பெரியம்மாவும் அதை நம்பிக் கரித்தூளை வாங்கித் தானே துலக்கினார். சில நாட்கள் அந்தக் கையில் கைக்குட்டை சுற்றிக்கொண்டுகூடத் திரிந்தேன். இதை எழுதுகிற கையும் அதே கைதான் என்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் கிணறு காய்ந்தது. மேற்கே கல்வராயன் மலை மேல் கறுத்துக்கொண்டு மழை பெய்வது எங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் ஈரக் காற்று மட்டும் வந்துவிட்டுப் போகும். மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்திலேயே காற்றைக் கக்கியது. கழனியில் நிற்பதோ கரும்பு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டவேண்டியது, பாதி வளர்த்தியில் நின்றது. அதை நம்பித்தான் அண்ணனின் மூன்றாம் ஆண்டுப் படிப்பு இருந்தது. ஒரே ஒரு போர்வெல் போட்டுப் பார்த்துவிடுவது, அதற்குமேல் தன்னால் ஆகாது என்று பெரியப்பா எல்லோர் எதிரிலும் சொன்னார்.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு கழனி முழுக்க நடந்தார். கிழக்கு வரப்போரம் ஓர் இடத்திலும், மேற்கே வேப்பமரத்தடியில் ஓர் இடத்திலும் தேங்காய் எழுந்து நின்றது. இரண்டு இடத்திலும் கல் நட்டார்கள். எதைப் போடுவது என்று கேட்டதற்கு அவர், "ரெண்டும் ஒண்ணுதாங்க, இதுல ஜாஸ்தி அதுல கம்மின்னு நான் சொல்ல மாட்டங்க" என்று நழுவிக்கொண்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். "பாப்பா கையால எலுமிச்சம்பழம் வெக்கச் சொல்லுங்க. அவ எங்க வெக்கறாளோ அங்க எறக்கிடலாம்" என்றார். பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் பயப்படவில்லை. பயந்திருந்தால் இன்று இவ்வளவு வெட்கம் இருக்காது. கோயில் திருவிழாவில் கரகம் எடுத்துப் போகிறவளைப்போல, பின்னால் எல்லோரும் வர, முன்னால் நடந்தேன். முதலில் வேப்பமரத்தடிக்குப் போனேன், காய்ந்த மண்ணும் சருகும்தான் கிடந்தன. கிழக்கு வரப்புக்கு வந்தேன். கல்லுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஈரத்தில், நாலு நாலு இலையாக ஆரைக்கீரை படர்ந்திருந்தது. என் காதில் "டிங்" என்று கேட்டது, பொய் சொல்லவில்லை, கேட்டது. பழத்தை அங்கே வைத்தேன்.

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி மறுநாள் காலையில் வந்து, கற்பூரம் ஏற்றியதும் துளை போட ஆரம்பித்தது. வெள்ளைப் புழுதி எழும்பிக் கரும்பின் மேலும் எங்கள் தலையிலும் படிந்தது. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் பெரியப்பா புழுதியை அள்ளி உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தார். ஒரு முறை லேசாக ஈரம் தட்டியது. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த ராடில் மறுபடியும் மாவுபோலப் புழுதி. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டிக்கொண்டே இருந்த பெரியப்பா, கடைசியில் கையைக் கீழே போட்டார். மிஷின் நின்றதும் அத்தனை பேரில் ஒருவர்கூட என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்கு மறக்கவில்லை. யாராவது ஓர் அறை விட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மோட்டார் குழாயின் இணைப்பு ஒன்று அந்த வரப்போரம் ஒழுகிக்கொண்டிருந்தது, அந்த ஒழுகலில்தான் ஆரைக்கீரை முளைத்திருந்தது. மோட்டார் அடியோடு நின்ற பிறகு கீரையும் கருகியதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் எதைப் பார்த்துப் பழம் வைத்தேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் என் தலையைத் தட்டி, "தண்ணி இல்லாத எடம் எதுன்னு தெரிஞ்சிக்கினோம் இல்ல, அதுவும் ராசிதான்" என்றார். கரும்பு சுருண்டது, மாட்டுக்கு வெட்டிப் போட்டார்கள். அண்ணன் காலேஜை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். நான் கைக்குட்டையைக் கழற்றிவிட்டு வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் வலது கையாலேயே துலக்கினேன், பெரியம்மா போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல்.

வளர்ந்து கணக்கு டீச்சர் ஆனேன். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன்; பகடையையும் நாணயத்தையும் கரும்பலகையில் உருட்டுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு இணையத்தில் அந்தப் பழைய விளையாட்டைப் பற்றித் தேடியபோது, அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்த ஆர்வலர்கள் யாரோ எழுதிவைத்தது கிடைத்தது. உள்ளே உருளுவதாக நாங்கள் நினைத்த தாயம் உருளவே இல்லையாம். விழப்போகும் எண்களெல்லாம் முன்பே வரிசையாக நிற்குமாம், சேவ் செய்யும்போது அந்த வரிசையும் சேர்ந்தே சேவ் ஆகுமாம். கண்டக்டர் கையிலுள்ள டிக்கெட் கட்டு மாதிரி. அடுத்த டிக்கெட்டின் எண் ஏற்கெனவே அச்சடித்தது. நாமே போய் வாங்கினால் அதுதான் வரும், நமக்கு முன்னால் யாராவது ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனால்தான் நமக்கு வேறு எண். அண்ணன் ஒவ்வொரு முறையும் அதே கெட்ட டிக்கெட்டை வாங்கினான். நான் சத்தத்துக்காக நகர்த்திய குதிரை எனக்கு முன்னால் ஒரு டிக்கெட்டைக் கிழித்தது. கைராசி என்று ஒரு வீடே நம்பியது அவ்வளவுதான்.

மிச்சத்தை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். என் தோல்விகளையெல்லாம் அண்ணன் அழித்துவிட்டு ஜெயித்ததை மட்டும் மிச்சம் வைத்தான். அப்படி வைத்தால் யார் கையும் ராசியான கைதான். நிலத்தில் சேவும் கிடையாது, திரும்பிப் போய் வேப்பமரத்தடியில் இறக்கிப் பார்க்கவும் வழி கிடையாது. அதைப் படித்த ராத்திரி நான் அழுதேன். ஒரு பையனின் படிப்பை எடுத்துக்கொண்ட என் இறுமாப்பு ஒரு குதிரைச் சத்தத்தில் ஆரம்பித்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தத் தை மாதம் போயிருந்தேன். பெரியம்மா இல்லை. கம்ப்யூட்டரை எலி கடித்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. குழாய் பதித்த பிறகு வாய்க்காலே கிடையாது, ஆரைக்கீரை என்றால் அண்ணன் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஓசூர் வேலை முடிந்து அண்ணன் தலை நரைத்துத் திரும்பிவிட்டான், கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கழனியை எழுப்பப் பார்க்கிறான். மேற்கே வேப்பமரத்தடியில் அன்றைக்கு நட்ட கல் அப்படியே இருந்தது, அதைத் தவிர இன்னும் இரண்டு இடத்தில் புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். பெரியப்பா கோலை ஊன்றிக்கொண்டு வந்து, மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "நாளைக்கி வண்டி வருது. நீ வர்றதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்."

பழத்தை நான் வாங்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: சேவ் செய்தது, டிக்கெட் கட்டு, ஆரைக்கீரை, ஒழுகின குழாய், எல்லாம். "அது என் கை இல்ல பெரிப்பா. குதிர. மொதல்ல அத நகத்துனதாலதான் ஜெயிச்சிது" என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வகுப்பில் எனக்குக் கிடைக்காத கவனம்.

"செரி, குதிரதான்னு வெச்சிக்குவோம்" என்றார். "அந்தக் குதிரைய ஓட்டனது யாரு கை?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனாவது சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெச்சிடு பாப்பா" என்றான், கெஞ்சுகிற குரலில்.

பழத்தை வாங்கிக்கொண்டேன். வருஷா வருஷம் நிகழ்தகவு நடத்துகிறவள், நரை தட்டிய பாப்பா, அவர்கள் இருவரும் பின்னால் வர அந்தக் காய்ந்த கழனியில் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நடந்தேன். நடக்க நடக்க, என் கண் என்னைக் கேட்காமல் ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் நாலு இலையைத் தேடிக்கொண்டிருந்தது.